நிற்கத் தெரிந்த இரயில்

பொம்மைக் கட்டைகளால் ஆன இரயிலை ஓட வைப்பது பெரிய வேலை அன்று. வளைந்த தண்டவாளத் துண்டுகள் பதினாறை ஒன்றோடொன்று பொருத்தினால் தரையில் ஒரு முழு வட்டம் அமையும். இரயிலின் அடியில் மோட்டாரையும் அதற்கு மேலே மின்கலப் பெட்டியையும் வைத்துப் பொத்தானை அழுத்தினால் அது சுற்றத் தொடங்கிவிடும். வீட்டிலுள்ள சிறுவர்கள் கைதட்டுவார்கள். பத்தாவது சுற்றுக்குள் கைதட்டல் அடங்கிவிடும். இரயில் மட்டும் சளைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான தொடக்கம் அதற்குப் பிறகுதான். யாரும் தொடாமல் அந்த இரயில் நிலைய மேடையின் முன்னால் வந்து நிற்குமா? சற்று நேரம் காத்திருந்துவிட்டுத் தானே புறப்படுமா? எதிரே இன்னோர் இரயில் வந்தால் வழிவிட்டு ஒதுங்குமா? ஓடுவதற்கு ஒரு மோட்டார் போதும். சரியான இடத்தில் நிற்பதற்கோ, தான் எங்கே இருக்கிறது என்பது இரயிலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உலகெங்கும் இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இக்கட்டைகளைச் செய்யும் லெகோ நிறுவனம், டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-ஆம் ஆண்டு ஒரு தச்சுப் பட்டறையாகத் தொடங்கியது. ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் முதலில் செய்தவை மரப்பொம்மைகளே. ஒன்றன்மேல் ஒன்று இறுகப் பொருந்தும் இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கோரப்பட்டது. எட்டே ஆண்டுகளில், அதாவது 1966-இல், 4.5 வோல்ட் மின்கலத்தால் ஓடும் இரயில் விற்பனைக்கு வந்தது. 1969-இல் 12 வோல்ட் இரயில். அதற்குத் தண்டவாளங்களின் நடுவிலிருந்து மின்சாரம் கிடைத்தது. 1980-இல் அம்முறையில் ஒரு புதுமை சேர்ந்தது. தொலைவிலிருந்தே தடம் மாற்றும் அமைப்பும் சைகை விளக்கும் வந்தன. விளக்கைச் சிவப்பாக்கினால் அதன் அருகிலுள்ள தண்டவாளப் பகுதிக்கு மின்சாரம் நின்றுபோகும். அங்கு வந்து சேரும் இரயிலும் நின்றுவிடும். 1991-இல் உலோகத் தண்டவாளத்தின் வழியே 9 வோல்ட் மின்சாரம் பாய்ந்தது. 2006-இல் மீண்டும் மின்கலமும் பிளாஸ்டிக் தண்டவாளமும் வந்தன. 2018-இல் புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு பேசும் இரயில் வந்தது.

இந்த வோல்ட் கணக்கை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அதனுள் ஒளிந்திருக்கும் ஒரு மாற்றத்தைக் கவனித்தால் போதும். மின்சாரம் தண்டவாளத்தில் பாய்ந்த காலத்தில் இரயிலின் மூளை தரையில் இருந்தது. ஒரே தடத்தில் இரண்டு இரயில்களை வைத்தால் இரண்டும் ஒன்றாகவே ஓடும், ஒன்றாகவே நிற்கும். மின்கலமும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இரயிலுக்குள் ஏறியபின் ஒவ்வோர் இரயிலும் தனக்கென ஒரு மூளையைப் பெற்றது. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றை ஓட்டலாம். கூடவே புதிய தொல்லையும் வந்தது. தனித்தனியாக முடிவெடுக்கும் இரண்டு இரயில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவும் முடியும்.

டென்மார்க்குக்கும் வட சிலாங்கூர் வட்டாரத்துக்கும் இடையே இரயில் உறவு ஒன்று உண்டு. கோலசிலாங்கூரிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் ஊர்களைக் கடந்தால் பெர்ணம் ஆறு வரும். அதுவே சிலாங்கூருக்கும் பேராக்கிற்கும் எல்லை. ஆற்றுக்கு அப்பால் ஊத்தான் மெலிந்தாங் பகுதியில் ஜெண்டராத்தா தோட்டம் இருக்கிறது. அதை 1906-இல் தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் நாட்டுப் பொறியாளர். பிற்காலத்தில் யுனைடெட் பிளான்டேஷன்ஸ் எனப் பெயர்பெற்ற அந்நிறுவனத்தின் செம்பனைத் தோட்டங்களில் குறுகிய தண்டவாளங்கள் போடப்பட்டன. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 700 மில்லிமீட்டர்தான். ஏறத்தாழ ஒரு கதவின் அகலம். அந்தச் சிற்றிரயில்கள் பழக்குலைகளை ஆலைக்குச் சுமந்து செல்கின்றன.

லோரி இருக்க இரயில் எதற்கு? காரணம் மண்ணில் இருக்கிறது. இக்கடலோரப் பகுதி தாழ்வான, ஈரம் மிகுந்த களிமண் நிலம். மழைக்காலத்தில் கனரக வாகனத்தின் சக்கரம் புதைந்துவிடும். தண்டவாளமோ சுமையை நீளவாக்கில் பரப்பிவிடும். இன்னொரு காரணம் பழத்திலேயே இருக்கிறது. செம்பனைக் குலையை வெட்டியதுமே பழத்துக்குள் இருக்கும் ஒரு நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். கொழுப்பு அமிலம் கூடும். எண்ணெயின் தரம் குறையும். பழம் அடிபட்டால் இந்தச் சிதைவு இன்னும் விரைவாகும். எனவே வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்ப்பதையே தோட்டங்கள் விரும்புகின்றன. இரயில் பாதை உள்ள தோட்டத்தில் குலைகள் கூண்டு வண்டியில் ஒருமுறை ஏற்றப்பட்டால் போதும். அந்தக் கூண்டு தண்டவாளத்திலேயே உருண்டு, நீராவி அவிப்பானுக்குள் அப்படியே நுழைந்துவிடும். அங்கே ஏறக்குறைய 130 முதல் 140 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பழம் அவியும், நொதியும் அழியும். இடையில் கொட்டுவதும் அள்ளுவதும் இல்லை. ஆகவே பழம் அதிகம் அடிபடுவதும் இல்லை.

வட சிலாங்கூரும் இரயிலுக்குப் புதியது அன்று. ரவாங், செரெண்டா, பத்தாங் காலி, ராசா, கோல குபு பாரு ஆகிய ஊர்களை இன்றும் பெரும் பாதை இணைக்கிறது. பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டப்பட்டது. அந்தக் கரியைக் குவாங்கிற்குக் கொண்டுவர ஒரு கிளைப்பாதை இருந்தது. அன்றைய மலாயா இரயில்களின் நீராவி இயந்திரங்களிலும் அந்தக் கரி எரிக்கப்பட்டது. கிளாங் பக்கத்திலிருந்து கோலசிலாங்கூர் வரைகூட ஒரு கிளைப்பாதை சென்றது. அது இரண்டாம் உலகப் போருக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டதால் இன்று அவ்வூர் மாணவர் பலருக்கு அது வியப்பான செய்தியாக இருக்கும். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில்தான் 1917-இல் ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமாரம். தமிழ்ச் செவிக்கு அப்பெயர் தென்னை மரத்தையே நினைவூட்டும். செம்பனையின் முதல் தோட்டத்துக்குத் தென்னையின் சாயலில் ஒரு பெயர்!

கட்டை இரயில் கட்டும் மாணவர் ஒருவர் எந்த இரயிலை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம்? கடையில் கிடைக்கும் பெட்டிகளில் ஐரோப்பிய விரைவு இரயில்களே அதிகம். தோட்டத்து இரயிலுக்கு எந்தப் பெட்டியும் கிடையாது. ஆனால், கணக்கிட்டுப் பார்த்தால் பொம்மைத் தண்டவாளத்துக்கு நெருங்கிய உறவு அந்தத் தோட்டத்து இரயில்தான்.

லெகோ தண்டவாளத்தின் உள் அகலம் ஏறத்தாழ 37.5 மில்லிமீட்டர். உலகின் பல நாடுகளில் வழக்கிலுள்ள பெரும் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். இதை 37.5-ஆல் வகுத்தால் 38 வரும். அதாவது, பொம்மை உண்மையைவிட 38 மடங்கு சிறியது. கே.டி.எம். இரயில் பாதையின் அகலம் சரியாக 1 மீட்டர் என்பதால் அதற்கு இந்த விகிதம் ஏறத்தாழ 27. தோட்டத்துப் பாதையின் 700 மில்லிமீட்டருக்கோ ஏறத்தாழ 19 தான். இப்போது வளைவைப் பார்ப்போம். பொம்மை வட்டத்தின் ஆரம் 32 சென்டிமீட்டர். 38-ஆல் பெருக்கினால் 12 மீட்டர். அவ்வளவு இறுக்கமான வளைவில் எந்த விரைவு இரயிலும் திரும்ப முடியாது, கவிழ்ந்துவிடும். 19-ஆல் பெருக்கினால் 6 மீட்டர். இதுவும் இறுக்கமான வளைவுதான். ஆயினும், குட்டையான கூண்டு வண்டிகளை மெதுவாக இழுக்கும் சிற்றிரயிலுக்கு இவ்வளைவு அத்தனை அந்நியமானது அன்று. பெட்டியில் வரும் 4 சென்டிமீட்டர் உயரப் பொம்மை மனிதர் மட்டும் இந்த அளவுக்குப் பொருந்தமாட்டார். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள தொழிலாளி இந்த விகிதத்தில் எட்டரை சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அவரைக் கட்டைகளாலேயே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மாதிரி கட்டுபவருக்கு இன்னும் சில அளவுகள் தேவைப்படும். கூண்டின் நீளம் என்ன? அதன் பக்கங்கள் கம்பியா, தகடா? இயந்திர வண்டியின் ஓட்டுநர் முன்னால் அமர்ந்தாரா, பக்கவாட்டில் அமர்ந்தாரா? இவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் தோட்டங்களில் வேலை செய்த முதியவர்களே. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பல இடங்களில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. வீட்டிலுள்ள தாத்தா தம் கைவிரித்துக் காட்டும் அகலத்தை அளவுநாடாவால் அளந்து 19-ஆல் வகுத்தால் மாதிரிக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும்.

அடுத்து, மோட்டார். வழுவழுப்பான பிளாஸ்டிக் சக்கரம் வழுவழுப்பான பிளாஸ்டிக் தண்டவாளத்தில் எளிதில் வழுக்கும். எனவே மோட்டார் திருப்பும் சக்கரங்களுக்கு இரப்பர் வளையம் மாட்டப்படுகிறது. மின்கலப் பெட்டியை மோட்டாருக்கு நேர்மேலே வைப்பதும் வழக்கம். அதன் எடை சக்கரத்தை அழுத்தும், பிடிப்புக் கூடும். சுமை இழுக்கும் இரயிலுக்கு வேகத்தைவிட வலிமை முக்கியம். மோட்டாரில் 12 பல் கொண்ட பற்சக்கரமும் அச்சில் 20 பல் கொண்டதும் இருந்தால் வேகம் ஐந்தில் மூன்று பங்காகக் குறையும். அதே விகிதத்தில் திருப்புவிசை கூடும். அறிவியல் பாடத்தில் படித்த நெம்புகோலின் தத்துவமே இங்கும் வேலை செய்கிறது.

இயங்கும் இரயில் ஆயத்தமாகிவிட்டது. இனி அது தோப்பிலிருந்து புறப்பட்டு, ஆலையின் முன் நின்று, மீண்டும் தோப்புக்குத் திரும்ப வேண்டும்.

முதலில் எல்லாருக்கும் தோன்றும் வழி நேரத்தைக் கணக்கிடுவது. 32 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். வினாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் இரயில் ஒரு சுற்றை 4 வினாடியில் முடிக்கும். மூன்று சுற்றுக்கு 12 வினாடி. ஆகவே, "12 வினாடி ஓடு, பிறகு நில்" என்று நிரல் எழுதினால் போதும் எனத் தோன்றும். முதல் நாள் அது சரியாகவே நிற்கும். மின்கலம் சற்றே தளர்ந்து வேகம் 40 சென்டிமீட்டராகக் குறைந்த நாளில் அதே நிரல் இரயிலை 1 மீட்டர் 20 சென்டிமீட்டருக்கு முன்பே நிறுத்திவிடும். கூண்டில் சுமை கூடினாலும் இதே கதைதான். நிரலில் பிழையில்லை. நேரம் என்பது இடத்தைப் பற்றிய ஓர் ஊகம் மட்டுமே. அந்த ஊகம் பொய்த்துவிட்டது.

உண்மையான இரயில் உலகமும் இந்த ஊகத்தை நம்பியிருந்த காலம் உண்டு. ஓர் இரயில் புறப்பட்டுக் குறிப்பிட்ட நிமிடங்கள் கழிந்தால் அது தொலைவுக்குப் போயிருக்கும் என்று கருதி அடுத்த இரயிலை அனுப்பினர். 1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு ஏற்றிச் சென்ற இரயில் ஒன்று மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. பெட்டிகளை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை மட்டும் முதலில் இழுத்துச் செல்ல முயன்றனர். பின்பகுதிப் பெட்டிகள் பிடியிலிருந்து நழுவிச் சரிவில் பின்னோக்கி உருண்டன. நேரக் கணக்கின்படி அனுப்பப்பட்ட அடுத்த இரயில் கீழிருந்து வந்துகொண்டிருந்தது. 80 பேர் உயிரிழந்தனர், பலர் பிள்ளைகள். அதே ஆண்டில் பிரிட்டனில் சட்டம் மாறியது. நேர இடைவெளி போதாது, இட இடைவெளி வேண்டும் என்பது கட்டாயமாயிற்று.

இட இடைவெளி முறை மிக எளிமையானது. பாதையைப் பல கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒரு கட்டத்தில் ஒரே ஓர் இரயில்தான் இருக்கலாம். அது வெளியேறிவிட்டது என்பது உறுதியாகத் தெரியும்வரை அடுத்த இரயிலுக்கு அனுமதி இல்லை. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இதற்கு டோக்கன் என்ற உலோக அடையாளம் பயன்பட்டது. அதைக் கையில் பெற்ற ஓட்டுநர் மட்டுமே அக்கட்டத்துக்குள் நுழையலாம். அடுத்த நிலையத்தில் அதை ஒப்படைத்தால்தான் இன்னொருவருக்கு வழி திறக்கும். மலாயா இரயில்வேயின் ஒற்றைப் பாதைகளிலும் இம்முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அந்நாளில் நிலைய அதிபர்களாகப் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் பலருக்கு டோக்கன் கொடுப்பதும் வாங்குவதும் அன்றாட வேலையாக இருந்தது. தண்டவாளத்திலேயே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, இரயிலின் அச்சு அதைக் குறுக்கே இணைக்கும்போது அங்கு இரயில் இருப்பதைக் கண்டறியும் முறையை 1872-இல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் உருவாக்கினார். அது இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

பிளாஸ்டிக் தண்டவாளத்தில் மின்சாரம் பாயாது. அதனால் கட்டை இரயில்காரர்கள் கண்ணை இரயிலுக்கே வைத்தார்கள். இரயிலின் அடியில் நிற உணரி ஒன்று பொருத்தப்படும். தண்டவாளங்களுக்கு நடுவே வண்ணத் தகடுகள் பதிக்கப்படும். சிவப்பைக் கண்டால் நில். மஞ்சளைக் கண்டால் வேகத்தைக் குறை. பச்சையைக் கண்டால் வேகத்தைக் கூட்டு. இதற்கான நிரலைத் தயாரிப்பாளரின் செயலியிலேயே கட்டங்களை இழுத்து வைத்து எழுதலாம். பைத்தான் மொழி தெரிந்தவர்கள் பைப்ரிக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏற்றி எழுதுகிறார்கள். அதன்பின் கைப்பேசியோ கணினியோ அருகில் இல்லாமலேயே இரயில் தன் நிரலைத் தானே நடத்தும்.

இங்கேயும் ஒரு பொறி காத்திருக்கிறது. தகட்டின் நீளம் 16 மில்லிமீட்டர் என்க. வினாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் செல்லும் இரயில் அதை 0.032 வினாடியில் தாண்டிவிடும். நிரல் 0.1 வினாடிக்கு ஒருமுறை மட்டும் உணரியைக் கேட்டால் இரண்டு கேள்விகளுக்கு இடையில் இரயில் 5 சென்டிமீட்டர் ஓடியிருக்கும். தகடு கண்ணில் படாமலேயே போய்விடலாம். ஒருமுறை நிற்கும், மறுமுறை நிற்காது. தொடக்கநிலையினர் உணரி பழுது என்று எண்ணிக் கழற்றிப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். தகட்டை நீட்டலாம், அடிக்கடி கேட்கும்படி நிரலை மாற்றலாம். மூன்றாவது வழி வேகத்தைக் குறைப்பது. தோட்டத்துச் சிற்றிரயில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது என்று வைத்துக்கொள்வோம். 19 மடங்கு சுருக்கினால் அது வினாடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் அதே 16 மில்லிமீட்டர் தகட்டைக் கடக்க 0.1 வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். உண்மைக்கு நெருக்கமான வேகத்தில் ஓட்டினாலே உணரி தகட்டைத் தவறவிடுவதில்லை. பொம்மை இரயில்கள் பெரும்பாலும் அளவுக்கு மீறிய வேகத்தில்தான் ஓட்டப்படுகின்றன.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கட்டைகள் மலிவானவை அல்ல. மோட்டாரும் உணரியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்தால் பல நூறு ரிங்கிட் ஆகிவிடும். பள்ளிக் கழகம் ஒரு தொகுதியை வாங்கிப் பலரும் பகிர்ந்துகொள்வது ஒரு வழி. பல்லிணைப்புடன் வரும் சிறிய மஞ்சள் மோட்டார், அட்டையால் செய்த வண்டி, சில பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கும் மைக்ரோபிட் பலகை, வண்டியின் அடியில் ஒட்டிய காந்தம், தண்டவாளத்தின் ஓரத்தில் காந்தத்தை உணர்ந்து மூடிக்கொள்ளும் சிறு கண்ணாடி விசை ஆகியவற்றைக் கொண்டும் இதே பாடத்தைச் செய்து பார்க்கலாம். எதனால் கட்டப்பட்டிருந்தாலும் இரயில் கேட்கும் கேள்வி ஒன்றே: நான் எங்கே இருக்கிறேன்?

இரண்டு இரயில்கள் சேரும்போது அக்கேள்வி கூர்மையாகும். தோப்பிலிருந்து பழம் ஏற்றிய இரயில் வருகிறது. ஆலையிலிருந்து காலிக் கூண்டுகளோடு இன்னொன்று புறப்படுகிறது. இடையில் ஒதுங்குபாதை ஒன்று இருக்கிறது. நிரலுக்குள் ஒரு டோக்கனை உருவாக்கி, அதை வைத்திருக்கும் இரயில் மட்டும் ஒற்றைப் பாதையில் நுழையலாம் என்று விதிப்பது எளிது. சில வரிகளில் எழுதிவிடலாம். காலை முழுவதும் இரண்டும் அழகாக வழிவிட்டு ஓடும். பிறகு தம்பியோ தங்கையோ ஓர் இரயிலைக் கையில் தூக்கி, வேறோர் இடத்தில் வைத்துவிடுவார்கள். நிரலுக்கு அது தெரியாது. இரயில் பழைய இடத்திலேயே இருப்பதாக நம்பி, மற்றதற்கு வழி திறந்துவிடும். மோதல் நிகழும்.

இதைப் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடத்தில் 1998 முதல் ஓட்டுநர் இல்லாத இரயில்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் இரயிலும் தன் இடத்தைக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தொடர்ந்து தெரிவிக்கும். அமைப்பு அவற்றிடையே பாதுகாப்பான தூரத்தை வைத்திருக்கும். 2021-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் இரவு, கம்போங் பாரு நிலையத்துக்கும் கே.எல்.சி.சி. நிலையத்துக்கும் இடையிலான சுரங்கத்தில் இரண்டு இரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றில் 213 பயணிகள் இருந்தனர். அது தானியங்கியாக ஓடிக்கொண்டிருந்தது. மற்றொன்று பயணிகள் இல்லாத இரயில். அது அப்போது கையால் ஓட்டப்பட்டது. அது தவறான திசையில் சென்றதாக விசாரணை கூறியது. 47 பேர் கடுமையாகக் காயமடைந்தனர். தானியங்கிக்கும் மனிதக் கைக்கும் இடையில் பொறுப்பு மாறும் அந்த நேரமே எந்த இரயில் அமைப்பிலும் மிகுந்த கவனத்துக்கு உரியது.

கட்டை இரயில்காரர்கள் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். எந்த இரயிலையும் கையால் தொட்டுவிட்டால், அதன் நிரல் தனக்குத் தெரிந்ததாக நினைத்த எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும். மற்ற இரயில்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். இடம் தெரியாத இரயில் மட்டும் மிகக் குறைந்த வேகத்தில் ஊர்ந்து போகும். பாதை முழுவதிலும் ஒரே ஓரிடத்தில், ஆலை வாசலில் மட்டும், நீலத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டதும் இரயில் நின்று, தன் கணக்கைச் சுழியத்திலிருந்து தொடங்கும். அதன் பிறகுதான் டோக்கன் மீண்டும் வழங்கப்படும். காத்திருந்த காலிக் கூண்டுகள் தோப்பை நோக்கி நகரும்.